பட்டான் கல்

அமெரிக்காவில் 2007-ஆம் வருஷம் முதல் ஒரு காரியம் நடந்து வருகிறது. பட்டாளத்தில் வேலை பார்த்து விட்டு வந்து, பிற்பாடு கேட்பாரில்லாமல் செத்துப் போனவர்களின் சாம்பலைத் தேடி எடுத்து, ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்கிற காரியம். அந்த நாட்டில் சவ அடக்கம் ஒரு தொழில். அதற்கென்று நிலையங்கள் உண்டு. தகனம் ஆன பிறகு சாம்பலை வாங்கிப் போக யாரும் வராவிட்டால், அது ஒரு டப்பாவில் அடைபட்டு அலமாரியில் உட்கார்ந்து விடும். பத்து வருஷம், முப்பது வருஷம், சில இடங்களில் அதற்கும் மேலே. தொண்டர்கள் சிலர் ஊர் ஊராகப் போய் இந்த அலமாரிகளைத் திறந்து, டப்பாவின் மேலுள்ள பெயரை ராணுவத் தஸ்தாவேஜுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆள் சிப்பாய்தான் என்று தெரிந்தால் தேசியக் கொடி, ஊதுகொம்பு, சிப்பாய்களுக்கென்று உள்ள மயானத்தில் ஓர் இடம். 'மிஸ்ஸிங் இன் அமெரிக்கா புராஜெக்ட்' என்று அந்தச் சங்கத்துக்குப் பெயர்.

நல்ல காரியம்தான். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் வேறொரு கேள்வி தோன்றுகிறது. அந்த அடக்கத்தில் எழுந்து நின்று பேசுகிறவர் என்ன பேசுவார்? செத்தவரை அவருக்குத் தெரியாது. கொடியும் கொம்பும் எல்லாருக்கும் பொது. இந்த மனிதர் இன்னார் என்று சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். அதை யார் எழுதுவது, எப்படி எழுதுவது? இந்தக் கேள்விக்கு நான் பார்த்த வரையில் மிகச் சிறந்த பதில், நம்முடைய கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரத்துக் காட்டோரங்களில் ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருஷங்களாக நின்று கொண்டிருக்கிறது. நடுகல் என்று புலவர்கள் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்கிறார்கள். ஓசூரைத் தாண்டினால் வீரகல்லு.

நடுகற்களைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுத்தின் வளர்ச்சி, பல்லவர் காலக் கணக்கு, ஆநிரைப் பூசல், பழைய நாட்டுப் பிரிவுகள் எல்லாவற்றையும் அந்தக் கற்களிலிருந்து கறந்தாகி விட்டது. இலக்கியக்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. அந்த வாக்கியங்களை வாக்கியங்களாகவே படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று வைத்துக் கொள்ளலாம். வாணகோ அரசர், அவருக்கு மருமகன் முறையான பொற்றொக்கையார், அவரிடம் சேவகம் பார்த்த கருந்தேவக்கத்தி. எருமைகளை ஓட்டிப் போக வந்தவர்களோடு நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி பட்டான். இது அவன் கல். இவ்வளவும் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. எழுதியவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்; நிறுத்தவில்லை. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் சேர்த்திருக்கிறான். கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் அந்த நாயையும் செதுக்கியிருக்கிறார்கள்.

இதை முதன்முதல் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பொறாமையை மறைக்க விரும்பவில்லை. பிரமாதமான எழுத்து இது. ஒரு அடைமொழி கிடையாது. அவன் சூரன், தீரன், மலை போன்ற தோளன் என்ற பேச்சே கிடையாது. எந்த வருஷம், யாருடைய ஆள், எதற்காக, எப்படி என்பதோடு சரி. அதற்கப்புறம் நாய். எஜமானன் விழுந்து கிடக்கிறான், நாய் விலகாமல் நிற்கிறது என்று நாம் மனத்தில் எழுதிக் கொள்கிற காட்சி அத்தனையும் அந்த ஒரு கூடுதல் தகவலிலிருந்து வருகிறது. கண்ணீரைப் பற்றி அவன் எழுதவில்லை. எழுதியிருந்தால் நமக்கு வந்திருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மகேந்திரவர்மன் சாமானிய ராஜாவா? குகைக் கோயில்கள் குடைந்தவன், நாடகம் எழுதியவன். கல்கி 'சிவகாமியின் சபத'த்தில் அவனைப் பக்கம் பக்கமாக நடமாட விட்டிருக்கிறார்; வாசகர்கள் அவனை மறக்கவே முடியாதபடி செய்துவிட்டார். எடுத்தனூர்க் கல்லில் அதே மகேந்திரன் காலண்டராக வருகிறான். அவ்வளவுதான் அவன் வேலை. இன்ன ராஜாவின் இத்தனையாவது வருஷம் என்று தேதி சொல்லி விட்டு ஒதுங்கிக் கொள்கிறான். கதை எருமைக்காரனுடையது. மெய்க்கீர்த்திகளை எடுத்துக் கொண்டால் இது அப்படியே தலைகீழ். அங்கே ராஜா ஜயித்த ஊர்களின் ஜாபிதா நீண்டு கொண்டே போகும். ஜயித்துக் கொடுத்தவர்கள் யாரென்று தெரியாது. கலிங்கத்துப் பரணியில் குலோத்துங்கன் இருக்கிறான், கருணாகரத் தொண்டைமான் இருக்கிறான். களத்தில் விழுந்தவர்கள் பேய்கள் கூழ் சமைக்கச் சாமான்களாகிறார்கள். செயங்கொண்டாரின் சந்தம் காதில் ரீங்காரமிடும்போது இதெல்லாம் உறைக்காது. புத்தகத்தை மூடிய பிறகு உறைக்கும்.

'பட்டான்' என்ற வினைச்சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீர சுவர்க்கம் எய்தினான், அமரனானான், இன்னுயிர் ஈந்தான் என்றெல்லாம் கல் சொல்வதில்லை. பட்டான். பொழுது பட்டது என்று கிராமத்தில் சொல்கிறோமே, அதே சொல். அடி படுவதும் அதுதான், கண்ணில் படுவதும் அதுதான். சாவை இவ்வளவு நேராகவும் இவ்வளவு மரியாதையாகவும் சொல்கிற சொல் நம்மிடம் இருந்திருக்கிறது. இப்போது பத்திரிகையில் ஒரு சிப்பாய் இறந்தால் 'வீரமரணம்' என்று தயாராக வைத்திருக்கும் ஒரு சொல்லைத் தூக்கிப் போடுகிறார்கள். அதற்குப் பின்னால் எந்த ஊர், என்ன பொழுது, கையில் என்ன இருந்தது என்று எதுவும் தேவைப்படுவதில்லை. சொல்லே எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

சிற்பத்தை நான் இவ்வளவு பாராட்ட மாட்டேன். செங்கம் பக்கத்துப் பழைய கற்களில் வீரர்கள் எல்லாரும் ஒரே அச்சு. ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள், முன்னே எடுத்து வைத்த கால், காலடியில் சிமிழும் கெண்டியும். சிற்பிக்கு ஒரு வீரனைத்தான் செதுக்கத் தெரியும் போலிருக்கிறது. அவனையே ஊர் ஊராகச் செதுக்கியிருக்கிறான். ஆள் வேறு என்று சொல்வது எழுத்துத்தான்.

நடுகல் என்பது சமாதி அல்ல. இதைத் தெளிவாக்கிக் கொள்ளாவிட்டால் நான் சொல்ல வருவது விளங்காது. செத்த இடத்தில் உடலின் மேல் கற்களைக் குவித்து மூடுவதற்குப் பதுக்கை என்று பெயர். நடுகல்லுக்கு உடல் வேண்டியதில்லை. தொல்காப்பியர் இதை ஆறு படிகளாகச் சொல்கிறார்: கல்லைத் தேடிக் காண்பது, கொண்டு வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. ஆறிலும் பிணம் கிடையாது. உடல் எங்கே போயிருந்தாலும், நரி தின்றிருந்தாலும், ஆள் திரும்பி வந்து ஊர் எல்லையில் நிற்கிறான், எழுத்தாக. ஊர் போய் அவனைக் கேட்டு வாங்கிக் கொள்கிறது. உரிமை கோருவது என்று இப்போது ஆபீஸ் பாஷையில் சொல்கிறோமே, அதுதான் இது.

உரிமை கோருதல் என்றதும் புறநானூற்றுக் கிழவி ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் முதுகு காட்டி ஓடினான் என்று யாரோ சொல்லக் கேட்டு, கையில் வாளை எடுத்துக் கொண்டு களத்துக்குப் போகிறாள். கிடக்கிற பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். பாட்டின் முடிவை எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதை வைத்து வீரத் தாய் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியும் இருக்கிறோம். எனக்கு முடிவை விட நடுவில் அவள் புரட்டுகிற பிணங்கள்தான் முக்கியமாகத் தோன்றுகின்றன. அவள் புரட்டிப் போட்டு விட்டுப் போனவர்களைத் தேடி யார் வந்தார்கள்?

அதியமான் நெடுமான் அஞ்சி தகடூர்க்காரன், இன்றைய தருமபுரி. அவனுக்கும் நடுகல் நட்டுப் பீலி சூட்டிக் கள் வைத்தார்கள் என்பது ஔவையார் பாட்டால் தெரிகிறது. நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலயத்துக் கள்ளையா வாங்கிக் கொள்வான் என்று அவள் கேட்கிறாள். நடுகல்லின் போதாமையையும் சொன்ன பாட்டு அது. தலைவனுக்கு ஔவை இருந்தாள். எருமைக்காரனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெயர் தெரியாத ஒரு கல்தச்சன்தான் அவனுக்கு ஔவை.

இளங்கோவடிகள் இந்தக் கிராமத்துச் சடங்கை எடுத்து வஞ்சிக் காண்டத்துக்குச் சட்டமாகவே போட்டு விட்டார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று காதைகளுக்குப் பெயரே அதிலிருந்து வருகிறது. கண்ணகிக்குக் கல் எடுக்கச் செங்குட்டுவன் இமயத்துக்குப் போகிறான்; கனக விசயர் தலையில் கல் ஏறுகிறது; கங்கையில் நீராட்டல். பிரம்மாண்டமான கற்பனைதான். நீர்ப்படைக் காதையில் ஓர் இடம் வருகிறது. அந்தப் போரில் எப்படியெப்படியெல்லாம் மடிந்தார்கள், எப்படியெப்படியெல்லாம் வென்றார்கள் என்று அடிகள் வரிசையாக அடுக்குகிறார். செங்குட்டுவன் பொன்னாலான வாகைப் பூவை, கொடுக்கிற நேரம் கடந்த பிறகும் கொடுத்துக் கொண்டே இருக்கிறான். மிக நல்ல இடம். ஆனால் அந்த நீளமான அடுக்கில் ஒரு பெயர் கூட இல்லை. ஒரு கல் எடுக்கப் போய்ச் செத்தவர்களுக்குக் கல் இல்லை. காவியத்தில் அதற்கு இடம் கிடையாது என்று சமாதானம் சொல்லலாம். எடுத்தனூரில் நாய்க்கு இடம் இருந்தது.

ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற சாலையில் நகரத்தை நெருங்கும்போது மேற்கே ஒதுங்கி இருக்கிறது பேகூர். அந்த ஊர்க் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த ஒரு கன்னட வீரகல்லு இருக்கிறது. 'பெங்களூரு' என்ற பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவது அதில்தான் என்கிறார்கள். நாகத்தரன் என்ற கங்கர் காலத் தலைவனின் வீட்டைச் சேர்ந்த ஒருவன் பெங்களூரில் நடந்த சண்டையில் இறந்த செய்தி அது. கெம்பே கௌடாவுக்கு அறுநூறு வருஷத்துக்கு முன்னால், அந்த மகாநகரத்தின் பெயரை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு வீட்டு ஊழியனின் சாவு. அவனுக்குக் கல் நடாமல் விட்டிருந்தால் அந்தப் பெயருக்கு அத்தனை பழைய சாட்சி இராது. ராஜாக்கள் பெயரையெல்லாம் மாற்றி வைப்பார்கள். சேவகன் செத்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

இந்தக் கலை பிற்பாடு இளைத்துப் போயிற்று என்பது என் கட்சி. ஹொய்சளர் காலத்தில் குந்தாணி ராமநாதனின் தலைநகரமாக இருந்தது. அந்தப் பக்கம் சின்னகொத்தூரிலும், ஓசூரைச் சுற்றிலும் அந்தக் காலத்துக் கற்களும் அதற்குப் பிற்பட்டவையும் நிறைய. பல கற்கள் மூன்று அடுக்கு. கீழே சண்டை, நடுவில் தேவமாதர்கள் இருபுறமும் தாங்கித் தூக்கிக் கொண்டு போகிறார்கள், மேலே கைலாசம், சிவலிங்கத்தின் முன் வீரன் உட்கார்ந்திருக்கிறான். வேலைப்பாடு பழைய கற்களை விட எவ்வளவோ உயர்த்தி. ஆனால் நம் எல்லைப் பகுதியில் இப்படிப்பட்ட கற்கள் பலவற்றில் ஒரு எழுத்து இல்லை. சுவர்க்கத்துக்குப் போகிற வழி தெளிவாக இருக்கிறது. போகிறவன் யாரென்று தெரியவில்லை.

பட்டாளத்துக்கும் இந்த ஊர்களுக்கும் உள்ள உறவு அதற்குப் பிறகும் விடவில்லை. 1767 முதல் 1792 வரை மைசூர்க்காரர்களும் கும்பெனிக்காரர்களும் பாராமகாலுக்காக அடித்துக் கொண்டார்கள். 1791 ஜூலையில் காரன்வாலிஸின் சேனை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. அதே வருஷம் நவம்பரில் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டை மேல் ஏறப் பார்த்து முடியாமல் இறங்கினான். இரண்டு பக்கமும் சிப்பாய்கள் இந்தத் தேசத்து ஆட்கள்தான். 1824-ல் ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் பட்டாளத்துக் குதிரைகளுக்காகப் பெரிய பண்ணை போட்டார்கள். இன்றைக்கு அது கால்நடைப் பண்ணை. 1905-ல் ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்தில் சரித்திர முக்கியத்துவமுள்ள கல்லறை வாசகங்களைத் திரட்டிப் பெரிய புத்தகம் போட்டார். அருமையான புத்தகம், துரைகளின் கதைகளை அதில் நாவல் போலப் படிக்கலாம். அவர்களோடு மலையேறின சிப்பாய்களை அதில் தேடிப் பயனில்லை. கல் இருந்தால் அல்லவா வாசகம் இருக்கும்.

எண்ணிக்கை வந்து பெயரை விரட்டியது அதற்கப்புறம். முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு சர்க்கார் இந்தியா முழுவதும் ஊர்களில் கல்வெட்டுப் பதித்தது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இன்றைக்கும் பார்க்கலாம்: இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில். அந்தப் பதினான்கு பேரும் யார்? ஊரிலேயே பதித்த கல்லில் ஊர்க்காரன் பெயர் இல்லை. அதையாவது இடம் போதவில்லை என்று சொல்லலாம். ஈராக்கில் பஸ்ராவில் 1929-ல் யுத்த ஞாபகச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். இந்தியச் சிப்பாய்களுக்கு மாத்திரம் அந்தந்த ரெஜிமெண்டின் கீழ் ஒரு எண். எல்லாரையும் சமமாக நினைவுகூர வேண்டும் என்பது 1917-ல் ஏற்பட்ட அந்த யுத்த மயானக் கமிஷனின் மூலக் கொள்கை. 2021-ல் அதன் வாரிசான கமிஷனே விசாரித்து வெளியிட்ட அறிக்கை, இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக் கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் கமிஷனில் ஒரு எழுத்தாளனும் இருந்தான் என்பது விசேஷம். ருட்யார்ட் கிப்ளிங். 1915-ல் அவனுடைய ஒரே மகன் யுத்தத்தில் காணாமல் போனான். கிப்ளிங் சாகும் வரை உடல் கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாத சிப்பாயின் கல்லறையில் பொறிப்பதற்கு, இவன் யாரென்று ஆண்டவன் அறிவான் என்ற பொருள்படும் வாசகத்தைத் தேர்ந்து கொடுத்தவன் அவன்தான். துக்கம் அறிந்தவன் எழுதியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் எடுத்தனூர்க் கல்தச்சன் இதை ஏற்றுக் கொண்டிருப்பானா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆண்டவனுக்குத் தெரிந்ததைப் பற்றி அவனுக்கு அக்கறை கிடையாது. ஊருக்குத் தெரிய வேண்டும். தெரிந்த அளவுக்கு எழுத வேண்டும்.

தெரிந்த அளவுக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிரான்ஸில் ரிஷ்போர்க் என்ற இடத்தில் 2016-ல் பூமியைத் தோண்டும்போது இரண்டு சிப்பாய்களின் எலும்புகள் கிடைத்தன. தோளில் அணியும் பித்தளை எழுத்தில் 39 என்று இருந்ததால் கார்வால் ரைபிள்ஸ் ஆட்கள் என்று கண்டுகொண்டார்கள். 2017 நவம்பரில் லாவெண்டி மயானத்தில், இந்தியாவிலிருந்து அதே படைப்பிரிவினர் போய் நின்று அடக்கம் செய்தார்கள். பெயர் கிடைக்கவில்லை. ரெஜிமெண்டு கிடைத்தது, பட்ட இடம் கிடைத்தது. நூறு வருஷம் கழித்து அது பெரிய வரவு.

அஜ்னாலாவில் நடந்தது வேறு மாதிரி. 1857-ல் 26-வது வங்காளக் காலாட்படையைச் சேர்ந்த சிப்பாய்களைப் பஞ்சாபில் பிடித்து, 237 பேரைச் சுட்டார்கள். 45 பேர் அடைத்து வைத்த இடத்தில் மூச்சு முட்டிச் செத்தார்கள். எல்லாரையும் ஒரு கிணற்றில் தள்ளி மூடினார்கள். இவ்வளவு கணக்காக எப்படித் தெரியும் என்றால், செய்த அதிகாரியே புத்தகம் எழுதியிருக்கிறான். பிரெடரிக் கூப்பர் என்று பெயர். பெருமையோடு எழுதப்பட்ட புத்தகம் அது. செத்தவர்களைப் பற்றிய முதல் எழுத்தே கொன்றவனுடையதாக அமைந்து விட்டது. 2014-ல் உள்ளூர்க்காரர்கள் தாங்களே முனைந்து கிணற்றைத் தோண்டி எலும்புகளை வெளியே எடுத்தார்கள். சர்க்கார் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சாஸ்திர முறைப்படி தோண்டாததால் எலும்புகள் பல நொறுங்கிப் போயின. ஆராய்ச்சிக்காரர்கள் வருத்தப்பட்டது நியாயம். எனக்கென்னவோ அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 157 வருஷம் யாரும் வராத இடத்துக்கு அவர்கள் வந்தார்கள். 2022-ல் மரபணுச் சோதனை அந்தச் சிப்பாய்கள் கங்கைச் சமவெளிக்காரர்கள் என்று உறுதி செய்தது. அந்த அளவுக்கு அவர்களுக்கு ஊர் கிடைத்து விட்டது.

நம் ஊருக்கே திரும்பி வருகிறேன். 2016 பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது. அவர்களில் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டம் குடிசாதனப்பள்ளிச் சிப்பாய் என். ராமமூர்த்தி. ஆறு நாட்கள் பனியை வெட்டித் தேடினார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்து, டில்லி ஆஸ்பத்திரியில் 11-ந் தேதி இறந்தார். மற்றவர்களின் உடல்களும் எடுக்கப்பட்டு அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. 1999 கார்கில் சண்டையிலிருந்து இப்படி ஊருக்கே அனுப்பி வைப்பது வழக்கமாகி இருக்கிறது. அதற்கு முன்னால் பெரும்பாலும் அங்கேயே எரித்து விடுவார்கள். இரங்கல் செய்திகளில் வழக்கமான வாக்கியங்கள் எல்லாம் வந்தன. அவற்றில் ஒன்றும் என் நினைவில் நிற்கவில்லை. நிற்பது, பனிக்கடியில் ஆட்கள் இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்துக் காட்டிய நாய்களின் பெயர்கள்: டாட், மிஷா. எந்த நிருபர் அந்தப் பெயர்களை முதலில் எழுதினாரோ, அவருக்குக் கல்தச்சன் வம்சத்தில் எங்கோ உறவு இருக்க வேண்டும்.

பட்டாளத்தில் இருக்கும்போது செத்தால் இவ்வளவு உண்டு. விட்டு வந்த பிறகு செத்தால்? ஓசூர் சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலை வாசலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் எது செய்கிற இடமானாலும் வாசலில் மிலிட்டரிக்காரர் ஒருவர் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. நின்றபடியே தெரியும், பழைய பழக்கத்தில் முதுகு வளையாது. தமிழ்க்காரர், கன்னடக்காரர், மலையாளி. இப்போது இன்னும் வடக்கிலிருந்தும் வருகிறார்கள். பலருக்குக் குடும்பம் வேறு ஊரில். சிலருக்கு எங்குமே இல்லை. அப்படி ஒருவர் வாடகை அறையிலோ பஸ் ஸ்டாண்டிலோ விழுந்து இறந்தால், சர்க்கார் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்து, போலீஸ் படமெடுத்து விளம்பரம் செய்து, வருகிறவர்கள் வராவிட்டால் நகராட்சியோ மாநகராட்சியோ நல்ல மனசுள்ள நாலு பேரோ அடக்கம் செய்வார்கள். 'அனாதைப் பிணம்' என்று அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் போல் அசிங்கமான சொற்கோவை தமிழில் குறைவு. வாழ்ந்த காலத்தில் யாரும் அவரை அனாதை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பிணமான பிறகுதான் அந்தப் பட்டம். மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நலனுக்கென்று ஆபீஸ் இருக்கிறது. செத்தவர் யாரென்று அங்கே தகவல் போனால்தான் அவர்களும் ஏதாவது செய்ய முடியும். தகவலை எழுதுகிறவன் வேண்டும். மறுபடியும் அந்த வாக்கியத்துக்கே வந்து சேர்கிறோம்.

அந்த வாக்கியத்துக்கு வேண்டிய சரக்கு எங்கே கிடைக்கும் என்று எனக்குக் காட்டியவர் வாசல் காவலிலிருந்த ஒரு ஹவில்தார். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை போட்டு டிஸ்சார்ஜ் புத்தகம் வைத்திருந்தார். பட்டாளத்தை விட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற புத்தகம் அது. நம்பர், ரேங்க், பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, சேர்ந்த தேதி, விட்ட தேதி, பெற்ற மெடல்கள், அங்க அடையாளம், நடத்தை. நடத்தைக்கு நேரே 'எக்ஸம்ப்ளரி' என்று இருந்ததை விரல் வைத்துக் காட்டினார். நான் அதைப் புரட்டப் புரட்ட, இன்ன ராஜாவின் இத்தனையாவது வருஷம், இன்னாருடைய சேவகன், இன்ன ஊரான் என்ற வரிசையே கண்முன் வந்தது. தச்சனுக்குக் கொடுத்தால் உளியை எடுத்து விடுவான். புத்தகத்தில் இல்லாதது ஓசூருக்கு வந்த பிறகு நடந்தவை மாத்திரம்: எந்தக் கேட்டில் எத்தனை வருஷம் ராக்காவல் இருந்தார், எந்தப் பொழுதில் பட்டார், மிச்சச் சோற்றை அவர் தினமும் வைத்த அந்தச் செவலை நாய்க்கு அவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.